கடுஞ்சூல்: ஒரு நோயின் வரலாறும் எழுபது வளைவுகளும்

பழந்தமிழில் பெண்ணின் முதற் கருப்பத்தைக் குறிக்கக் 'கடுஞ்சூல்' என்றொரு சொல் வழங்கியது. மதுரைக்காஞ்சியிலும் நற்றிணையிலும் அதைக் காண்கிறோம். உரைகாரர்கள் அதற்கு 'முதற்சூல்' என்றே பொருள் கொள்வர். இரண்டாம் சூலுக்கும் மூன்றாம் சூலுக்கும் கிடைக்காத 'கடு' என்னும் அடை முதற்சூலுக்கு மட்டும் ஏன் வந்தது என்று வகுப்பில் மாணவிகள் கேட்பதுண்டு. அச்சம், அனுபவமின்மை, வலியின் கடுமை என்று விடை சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவோம்.

முதற்சூலில் மிகுதியாக வரும் நோய் ஒன்று உண்டு. கருவுற்ற இருபதாம் வாரத்திற்குப் பிறகு இரத்த அழுத்தம் உயரும்; சிறுநீரில் புரதம் இறங்கும்; சிலருக்குச் சிறுநீரகம், கல்லீரல், மூளை ஆகியவையும் பாதிக்கப்படும். முற்றினால் வலிப்பு வரும். வலிப்பு வந்த நிலையைச் சூல்வலிப்பு என்றும், அதற்கு முந்திய நிலையை முன்சூல்வலிப்பு என்றும் மருத்துவத் தமிழ் குறிக்கிறது. நூறு கருப்பிணிகளில் இரண்டு முதல் எட்டுப் பேர் வரை இதற்கு ஆளாகின்றனர். உலகில் நிகழும் தாய்மார் இறப்புகளில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு, கருப்பகால இரத்த அழுத்த நோய்களால் நேர்வது. இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன என்று தோன்றலாம். ஆனால் ஒரு நோயை மனிதர்கள் எப்படிப் படிப்படியாகக் கண்டுகொண்டார்கள் என்பதும், அந்த அறிவு யாரை முதலில் சென்றடைகிறது, யாரைக் கடைசியில் சென்றடைகிறது என்பதும் வரலாறுதான். அவ்வரலாற்றில் தமிழகத்திற்கு நாம் பெரிதும் அறியாத ஓர் இடமும் இருக்கிறது.

பெயர்களின் குழப்பம்

சூல்வலிப்பைக் குறிக்கும் 'எக்லாம்ப்சியா' என்ற சொல், திடீரென ஒளி வெட்டுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. முன்னறிவிப்பின்றி மின்னல்போல் தாக்குவது என்பது அதன் உட்பொருள். நம் ஊர்களில் அதையும் 'ஜன்னி' என்றார்கள். பேறுகாலத்திற்குப் பின் கிருமித் தொற்றால் வரும் காய்ச்சலையும் 'ஜன்னி' என்றார்கள். பெயர் ஒன்றாக இருக்கும் வரை நோய்களும் ஒன்றாகவே கருதப்பட்டன. ஐரோப்பாவிலும் நிலை இதுதான். பேறுகால வலிப்பு வேறு, காக்காய் வலிப்பு வேறு என்று சொவாஜ் என்னும் பிரெஞ்சு மருத்துவர் பிரித்துக் காட்டியது 1739இல். முதற்சூல் பெண்களுக்கே இவ்வலிப்பின் ஆபத்து மிகுதி என்பதை அவருக்கு முன்பே, பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாரிசு நகர மருத்துவர் மோரிசோ எழுதியிருந்தார். இன்று நாம் 'இடர்க்காரணிகள்' என்று அடுக்கும் பட்டியலின் முதல் வரி அதுதான்.

1843இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் லீவர் ஓர் எளிய சோதனை செய்தார். வலிப்பு கண்ட பெண்களின் சிறுநீரைச் சூடாக்கினார். முட்டை வெண்கரு போல அது திரிந்தது. சிறுநீரில் புரதம் இருந்தது. வலிப்பு மின்னல்போல் வருவதன்று, அதற்கு முன் உடலில் ஏதோ நிகழ்ந்திருக்கிறது என்பதற்குக் கிடைத்த முதற் சான்று இது. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1857இல், யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மவுன்செல் என்பாரின் பேறுகால மருத்துவ நூலைத் தமிழில் கொண்டுவந்தார். மேலை மருத்துவத்தைத் தாய்மொழியில் கற்பிக்க முடியும் என்று நம்பிச் செயல்பட்ட அவரைத் தமிழுலகம் இன்னும் போதுமான அளவு நினைவுகூரவில்லை.

1896இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி பாதரச இரத்த அழுத்தமானியை அமைத்தார். மறு ஆண்டே, சூல்வலிப்பு கண்ட பெண்களுக்கு இரத்த அழுத்தம் உயர்ந்திருப்பதைப் பிரெஞ்சு மருத்துவர்கள் வாக்கேயும் நோபெகூரும் பதிவு செய்தனர். 1905இல் உருசியர் கொரோட்கோவ், கையில் கட்டும் பட்டைக்குக் கீழே குழல்மானியை வைத்துக் கேட்கும் முறையைச் சொன்னார். சிறுநீர்ச் சோதனை, அழுத்தமானி ஆகிய இவ்விரண்டும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கருப்பிணிகளின் காவலாக இருந்துவருகின்றன.

எழும்பூரில் ஒரு மருத்துவர்

நோயைக் காண முடிந்ததேயன்றி, அடக்க முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நரம்பை வெட்டி இரத்தத்தை வடித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருசியாவின் ஸ்த்ரோகனோவ் இருட்டறை, அமைதி, மார்பின், குளோரல் என்று ஒரு முறையை வகுத்தார். அது உலகெங்கும் பரவியது.

சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையின் வரலாறு 1844இல் தொடங்குகிறது. 1882இல் அது எழும்பூருக்கு இடம்பெயர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நீண்டகாலத் துணைவேந்தராகவே நாம் அறிந்திருக்கும் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார், அடிப்படையில் இம்மருத்துவமனையில் பணியாற்றிய மகப்பேறு மருத்துவர். அவர் எழுதிய மகப்பேறு மருத்துவப் பாடநூலின் இணையாசிரியராகப் பின்னர் அமைந்தவர் எம். கே. கிருஷ்ண மேனன். பெயர் ஒற்றுமையால் அரசியல்வாதி வி. கே. கிருஷ்ண மேனனோடு இவரைக் குழப்பிக்கொள்ளலாகாது.

தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து வலிப்போடு கொண்டுவரப்பட்ட பெண்கள் குவிந்த இடம் எழும்பூர். அறுவை சிகிச்சையில் மயக்கத்திற்காகப் பிரான்சில் உருவான ஒரு மருந்துக் கலவையை (குளோர்புரோமசின், புரோமெதசின், பெதிடின் ஆகிய மூன்றும் சேர்ந்தது) மேனன் சூல்வலிப்புக்குப் பயன்படுத்தினார். நானூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் அனுபவத்தை 1961இல் பிரித்தானிய மகப்பேறு மருத்துவ இதழில் வெளியிட்டார். இறப்பு நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்குக் குறைந்திருந்தது. அக்காலத்தில் அது வியப்புக்குரிய எண். 'மேனன் முறை' என்றே அது பாடநூல்களில் இடம்பெற்றது.

பின்னர் அதனினும் சிறந்த மருந்து வந்தது. மெக்னீசியம் சல்பேட் புதிய மருந்தன்று. வயிற்றைக் கழுவக் கொடுத்த பேதி உப்புதான் அது. 1906 முதலே சிலர் பயன்படுத்தி வந்த போதிலும் உலகம் உடன்படவில்லை. இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் 1,687 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1995இல் வெளியானபோதுதான் வாதம் ஓய்ந்தது. வலிப்பு மீண்டும் வராமல் தடுப்பதில் மற்ற மருந்துகளைவிட மெக்னீசியமே மேலானது. 2002இல் வெளியான மற்றோர் ஆய்வு, 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு, முன்சூல்வலிப்பு நிலையிலேயே இதைக் கொடுத்தால் வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைவதைக் காட்டியது. மேனன் முறை வழக்கொழிந்தது. அது தோல்வியன்று. கையிலிருந்ததைக் கொண்டு உயிர்களைக் காத்து, அடுத்ததற்கு வழிவிட்டது.

நஞ்சுக்கொடியும் இரத்தமும்

நோய் எங்கிருந்து வருகிறது என்ற வினா மட்டும் எஞ்சி நின்றது. ஒரு துப்பு பழையது. கருவே இல்லாமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் பெருகும் 'முத்துப்பிள்ளைக் கருப்பத்திலும்' இந்நோய் வருகிறது. நஞ்சுக்கொடி வெளியேறிய பின் பெரும்பாலும் தணிகிறது. ஆகவே காரணம் குழந்தையன்று, நஞ்சுக்கொடி. தமிழ் அதை 'நஞ்சு' என்றே அழைக்கிறது. மேலை மருத்துவமும் இந்நோயை நெடுங்காலம் 'நச்சுக்குருதி' என்னும் பொருள்படவே அழைத்தது. இதை வைத்து முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று முழங்க வேண்டியதில்லை. சொல் ஒரு திசையைச் சுட்டியிருக்கலாம். அந்த நஞ்சு எது என்று பெயரிட்டு, அளந்து, மெய்ப்பித்தது ஆய்வகம்.

அதைச் செய்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அனந்த் கருமஞ்சி. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பாஸ்டனில் சிறுநீரக மருத்துவராகப் பணியாற்றியவர். இக்குழுவின் ஆய்வு 2003இல் வெளியானது. இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பேணும் புரதங்கள் நம் இரத்தத்தில் ஓடுகின்றன. நஞ்சுக்கொடி வளர்ச்சிப் புரதமான பிஎல்ஜிஎஃப் அவற்றுள் ஒன்று. நோயுற்ற நஞ்சுக்கொடி எஸ்எஃப்எல்டி-1 என்னும் வேறொரு புரதத்தை அளவுக்கு மீறிச் சுரந்து தாயின் இரத்தத்தில் கலக்கிறது. அது காக்கும் புரதங்களைப் பற்றிக்கொண்டு பயனற்றதாக்குகிறது. காப்பிழந்த குழாய்கள் சுருங்குகின்றன, கசிகின்றன. அழுத்தம் உயர்வதும், சிறுநீரில் புரதம் இறங்குவதும், கால் வீங்குவதும் இதன் விளைவுகள். இப்புரதத்தைக் கருவுற்ற எலிகளின் உடலில் மிகச்செய்தபோது அவற்றுக்கும் அதே நோய் வந்தது.

மறு ஆண்டு வெளிவந்த ஆய்வுதான் நம் வரலாற்றில் திருப்பம். நோய்க்குறி தோன்றுவதற்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன்பே எஸ்எஃப்எல்டி-1 உயரத் தொடங்கிவிடுகிறது. பிஎல்ஜிஎஃப் அதற்கும் முன்பே குறைந்திருக்கிறது. 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஐயத்திற்குரிய கருப்பிணிகளில் இவ்விரண்டின் விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடுத்த ஒரு வாரத்தில் நோய் வராது என்று ஏறக்குறைய உறுதியாகக் கூறலாம் எனக் காட்டியது. 2023இல் அமெரிக்க அரசு, நோய் கடுமையாகுமா என்று கணிக்க இவ்வகைச் சோதனைக்கு ஒப்புதல் வழங்கியது.

இடர்க்காரணிகளின் பட்டியலும் நீண்டிருக்கிறது: முதற்சூல், முந்தைய பேற்றில் இந்நோய், இரட்டைக் கரு, முன்பே உள்ள இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரக நோய், உடற்பருமன், 35 வயதைக் கடந்த கருப்பம், தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ வந்திருத்தல். ஆபத்து மிகுந்தோருக்கு மருத்துவர் மேற்பார்வையில் மூன்றாம் நான்காம் மாதத்திலேயே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கினால், குறைமாதத்தில் தாக்கும் கொடிய வகை 62 விழுக்காடு குறைவதாக 2017இல் ஓர் ஆய்வு காட்டியது.

மலைமேல்

சங்க இலக்கியம் படித்தோருக்குக் கொல்லிமலை ஓரியின் மலை. காண்பாரை மயக்கிக் கொல்லும் கொல்லிப்பாவையின் மலை. அப்பாவையைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் எழுதிவிட்டோம். அம்மலையில் வாழும் மலையாளி இனப் பெண்கள் எப்படிப் பிள்ளை பெறுகிறார்கள் என்று நாம் கேட்டதில்லை.

காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். சிற்றூர்கள் மேட்டிலும் பள்ளத்திலும் சிதறிக் கிடக்கின்றன. 2008இல் தமிழகத்தில் 108 ஊர்தி வந்தது. 2022இல் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இவை பெரிய மாற்றங்கள். ஆயினும் வளைவுகள் எழுபதும் அப்படியே இருக்கின்றன.

உணவும் இங்கே கருதத்தக்கது. கௌதமாலா நாட்டு மாயா இனப் பெண்களிடம் சூல்வலிப்பு அரிதாக இருப்பதையும், அவர்கள் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்த சோளத்தால் மிகுந்த கால்சியம் பெறுவதையும் இணைத்து 1980இல் பெலிசான் என்னும் மருத்துவரும் வில்யாரும் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். இன்று, உணவில் கால்சியம் குறைந்த மக்களின் கருப்பிணிகளுக்குக் கால்சியம் மாத்திரை தருமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நம் தானியங்களில் கால்சியம் மிகுந்தது கேழ்வரகு. கொல்லிமலையில் கேழ்வரகும் சாமையும் தினையும் விளைந்த நிலங்களில் பெரும்பகுதி, சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளிக்கு மாறிவிட்டது. சிறுதானியங்களை மீட்க எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நெடுங்காலம் உழைத்திருக்கிறது. மரவள்ளியால் நோய் வந்தது என்று சொல்ல முகாந்திரமில்லை. கேழ்வரகுக் களி மருந்துமாகாது. ஆனால் ஒரு பயிர் மாறும்போது கருப்பிணியின் தட்டிலிருந்து என்ன போயிற்று என்று கேட்க வேண்டியவர்கள் நாம்.

இந்நோயின் வரலாறு நேரத்தைக் கூட்டிக்கொண்டே வந்த வரலாறு. வலிப்பைக் கண்டு செயல்பட்ட காலத்தில் நிமிடங்களே இருந்தன. அழுத்தமானியும் சிறுநீர்ச் சோதனையும் நாள்களைக் கொடுத்தன. இரத்தப் புரதங்கள் வாரங்களைக் கொடுக்கின்றன. எழும்பூரில் மருத்துவமனைக்கு எதிர்த் தெருவில் வசிக்கும் பெண் சில மணி நேரம் கிடைத்தாலும் பிழைத்துக்கொள்வாள். மலையின் கடைசி ஊரில் இருப்பவளுக்குத்தான் வாரங்கள் தேவை: இறங்கிவர, துணைக்கு ஆள் தேட, வீட்டையும் ஆட்டையும் யாரிடமாவது ஒப்படைக்க. ஆனால் இந்தச் சோதனை முதலில் கிடைப்பது நகரத்தின் பெரிய மருத்துவமனைகளில். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழக்கமான சோதனைகளில் இதற்கு இன்னும் இடமில்லை.

அது வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கருப்பிணிக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் பார்ப்பதும், சிறுநீரைச் சோதிப்பதும், கடுந்தலைவலியோ கண் மங்கலோ மேல்வயிற்று வலியோ வந்தால் 'கருப்பத்தில் இது வழக்கம்தான்' என்று தள்ளாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புவதும், மெக்னீசியத்தை மலைமேலேயே இருப்பில் வைத்திருப்பதும் இன்றே செய்யக்கூடியவை. நூற்றாண்டு பழைய இவ்வறிவு ஒரு முறை விடாமல் மலையேறினாலே பல உயிர்கள் மீளும். சென்னையில் படித்த ஒருவரின் கண்டுபிடிப்பு பாஸ்டன் சென்று உலகைச் சுற்றிவிட்டது. அது கொல்லிமலையின் எழுபது வளைவுகளை ஏற எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதே இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி.