டெர்ரா நோவா: சட்டத்துக்குள் வராத ஏழு கோவேறு கழுதைகள்

ஆம்பூரில் தோல் பதனிடும் சாலை ஒன்றின் அலுவலக அறையில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறோம். கண்ணாடியிட்ட மரச்சட்டத்துக்குள் பழைய புகைப்படம் ஒன்றின் அச்சுப்பிரதி. பனிப்பாறைக் குகையொன்றின் உள்ளிருந்து எடுத்தது. குகைவாயில் கறுத்த நிழலாக இரு மனிதர். அவர்களுக்கு அப்பால், வெகு தொலைவில், மூன்று பாய்மரங்களோடு ஒரு கப்பல். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியே லண்டனுக்கு அனுப்பிப் பழகிய வட்டாரம் இது. சுவரில் ஓர் ஆங்கிலக் கப்பல் தொங்குவதில் வியப்பொன்றும் இல்லை. அந்தக் கப்பலுக்கும் இந்தியாவுக்கும் உள்ள உறவுதான் பலரும் அறியாதது.

கப்பலின் பெயர் டெர்ரா நோவா. 1884இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் திமிங்கில வேட்டைக்கென்று கட்டப்பட்டது. 1910 ஜூன் மாதம் கார்டிஃப் துறைமுகத்திலிருந்து கேப்டன் ஸ்காட்டின் தென்துருவப் பயணத்துக்காகப் புறப்பட்டது. படத்தை எடுத்தவர் ஹெர்பர்ட் பாண்டிங். நாள் 1911 ஜனவரி 5, கப்பல் அண்டார்க்டிகாவை அடைந்த மறுநாள். குகைவாயில் நிற்பவர்கள் நிலவியலாளர் கிரிஃபித் டெய்லரும், கனடா நாட்டு இயற்பியலாளர் சார்லஸ் ரைட்டும். இந்த ரைட்டை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

ஸ்காட்டோடு துருவம்வரை சென்ற நால்வரில் இருவர் இந்தியப் பணியிலிருந்து வந்தவர்கள். ஹென்றி பவர்ஸ் ராயல் இந்தியன் மரீன் அதிகாரி; பர்மாவின் ஐராவதி ஆற்றிலும் பாரசீக வளைகுடாவிலும் பணிபுரிந்தவர். துருவத்தில் ஐவரும் சோர்ந்த முகத்தோடு நிற்கும் அந்தப் புகழ்பெற்ற படத்தை, கயிற்றை இழுத்துக் காமிராவை இயக்கி எடுத்தவர் அவரே. லாரன்ஸ் ஓட்ஸ் மாவ் படைமுகாமிலிருந்து வந்த குதிரைப்படைக் கேப்டன். (அம்பேத்கர் பிறந்த அதே மாவ்தான்.) பயணச் செலவுக்கென்று ஆயிரம் பவுன் கொடுத்துச் சேர்ந்தவர். மட்டக்குதிரைகளைப் பராமரிப்பது அவர் பொறுப்பு. மஞ்சூரியாவிலிருந்து வாங்கிவரப்பட்ட அந்த வயதான குதிரைகளைக் கண்டதுமே அவர் மனம் நொந்துபோனார். அவை மென்பனியில் வயிறுவரை புதைந்தன, வியர்த்து நடுங்கின. அடுத்த பருவத்துக்கு இமயமலைப் பாதைகளில் பழகிய கோவேறு கழுதைகள் வேண்டும் என்பது ஓட்ஸின் யோசனை. ஸ்காட் இந்திய அரசைக் கேட்டார். அரசு ஏழு கழுதைகளை, பழக்கி, பனிக்காலணியும் கண்மறைப்பும் உட்பட எல்லாச் சாதனங்களோடும் அனுப்பிவைத்தது.

1912 பிப்ரவரியில் டெர்ரா நோவா அவற்றை முகாமில் இறக்கியபோது, ஸ்காட் குழுவினர் துருவத்தில் அமுண்ட்சனின் கொடியைக் கண்டு, பியர்ட்மோர் பனியாற்றின் வழியே திரும்பிக்கொண்டிருந்தார்கள். கேட்டவரும் யோசனை சொன்னவரும் அவற்றைக் கண்ணால் காணவேயில்லை.

லால் கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி முதலான பெயர்கள் அவற்றுக்கு. துருவப் பயண இலக்கியத்தில் செர்ரி-கர்ராட் 1922இல் வெளியிட்ட நூலுக்கு இணையாக இன்னொன்றைச் சொல்ல எங்களால் இயலாது. அதில் இக்கழுதைகள் ஒவ்வொன்றும் தனிக் குணத்தோடு உலவுகின்றன. தங்களுக்கென்று வைத்த தீனியை முகர்ந்துவிட்டு ஒதுக்கும். மனிதர்கள் குடித்துக் கொட்டிய தேயிலைச் சக்கையையும் கட்டியிருந்த கயிற்றையும் விரும்பித் தின்னும். தின்ன மறுத்த விலங்கை வைத்துக்கொண்டு நெடுந்தூரம் போக முடியாது என்பதால், கழுதைகளைத் தோல்வி என்றே அவர் மதிப்பிட்டார். எங்களுக்கு அது கடுமையான தீர்ப்பாகப் படுகிறது. அவற்றை எந்த வேலைக்காக வரவழைத்தார்களோ அது நடக்கவேயில்லை. வாய்த்தது வேறொரு வேலை.

1912 அக்டோபர் இறுதியில், துருவ இரவு முடிந்தபின், அட்கின்சன் தலைமையில் தேடுதல் குழு புறப்பட்டது. எட்டுப் பேரும் ஏழு கழுதைகளும் முன்னே, நாய்வண்டிகள் பின்னே. கழுதை அணிக்கு வழிகாட்டியவர் ரைட், படத்தில் குகைவாயில் நிற்கும் அதே ரைட். நவம்பர் 12 அன்று, போகும் பாதைக்கு ஒருபுறமாகப் பனிக்கு மேலே எதுவோ துருத்திக்கொண்டிருப்பதை முதலில் கண்டவரும் அவர்தான். அது கூடாரத்தின் உச்சி. உள்ளே ஸ்காட், வில்சன், பவர்ஸ் மூவரின் உடல்கள். அடுத்த உணவுக்கிடங்குக்கு இன்னும் பதினொரு மைல்தான் இருந்தது. நாட்குறிப்புகளையும் படச்சுருள்களையும் எடுத்துக்கொண்டு, கூடாரத்தை அவர்கள்மேலேயே சரித்து, பனியைக் குவித்து, இரு பனிச்சறுக்குக் கட்டைகளால் சிலுவை நட்டார்கள்.

ஓட்ஸின் உடல் அங்கே இல்லை. தம்மால் மற்றவர்கள் தாமதிக்கக் கூடாதென்று மார்ச் மாதத்தில் பனிப்புயலுக்குள் இறங்கி நடந்தவர் அவர். குழு மேலும் தெற்கே போய்த் தேடியது. கிடைத்தது அவருடைய உறங்குபையும் சில பொருள்களும். அவற்றுள் கலைமான் தோலால் ஆன காலணி ஒன்று. பழுதுபட்ட பாதத்தை நுழைப்பதற்காக முன்பக்கம் நெடுகக் கீறப்பட்டிருந்தது.