சிம்லா எங்கே, இண்டியானா எங்கே?

இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே தொலைவு அதிகமில்லை. 2018 சனவரி 7-ஆம் நாள் இராசபாளையத்தில் படிக்கப்பட்ட கட்டுரையின் ஒரே ஒரு வரி, அந்தச் சிறு தொலைவைத் தாண்டிச் சென்று மூட்டிய தீயை நாடறியும். கவிஞர் வைரமுத்து அன்று ஆண்டாளின் தமிழைப் போற்றினார். மறுநாள் அது தினமணியில் அச்சேறிற்று. போற்றியதெல்லாம் மறக்கப்பட்டது, ஆண்டாள் திருவரங்கக் கோயிலில் வாழ்ந்து மறைந்த தேவதாசி என்று அவர் எடுத்துக்காட்டிய மேற்கோள் மட்டுமே நின்றது. கண்டனக் கூட்டங்கள், வழக்குகள், சீயரின் உண்ணாநோன்பு! கவிஞர் வருத்தம் தெரிவித்தும் வசைமாரி ஓயவில்லை.

அந்த வரியை எழுதியவர் யார்? அமெரிக்காவின் இண்டியானாப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னது கட்டுரை. நூலோ, 1978-இல் சிம்லாவிலுள்ள இந்திய உயராய்வு நிறுவனம் வெளியிட்டது! தொகுத்தவர் எஸ்.சி. மாலிக், எழுதியவர்கள் கேரள வரலாற்றறிஞர்களான எம்.ஜி.எஸ். நாராயணனும் கேசவன் வேலுதாட்டும்.

கருத்துக்குத் தண்டனை கேட்ட கும்பலோடு நாம் சேரவில்லை. அது காட்டுமிராண்டித்தனம். ஆயினும் நம் வீட்டு முற்றத்தையும் பெருக்க வேண்டாமா, தோழர்களே? வேதம் சொல்லிற்று என்பவனிடம் சான்று கேட்கும் நாம், வெள்ளையர் நாட்டுப் பல்கலைக்கழகம் சொல்லிற்று என்றதும் வாயடைத்து நிற்பதா?

பெயரைக் கண்டு மயங்கும் நோய் நமக்கு மட்டும் உரியதன்று. இயற்பியலறிஞர் ஆலன் சோக்கல், வேண்டுமென்றே பொருளற்ற கட்டுரை ஒன்றைப் புனைந்து 'சோசியல் டெக்ஸ்ட்' என்னும் அமெரிக்க ஏட்டுக்கு அனுப்பினார். இயற்பியல் அறிந்த ஒருவரிடமும் காட்டாமலே 1996-இல் அச்சிட்டார்கள்! 2013-இல் ஜான் போகானன், பிழை மலிந்த போலி மருந்தாய்வை 304 ஏடுகளுக்கு அனுப்பிப் பார்த்தார்; 157 ஏடுகள் ஏற்றுக்கொண்டன. இங்கோ, ஆண்டாள் சர்ச்சை எழுந்த அதே 2018-இல், பல்கலைக்கழக மானியக் குழு தானே ஒப்புதல் அளித்திருந்த பட்டியலிலிருந்து 4,305 ஏடுகளை நீக்கிற்று. அவற்றில் எழுதிப் பட்டமும் பதவியும் பெற்றவர்கள் எத்தனை பேரோ!

சிம்லாக் கட்டுரை போலியன்று, கற்றோர் எழுதியது. ஆனால் கற்றோர் வரியையும் சோதித்தே கொள்ள வேண்டும். மு. இராகவையங்கார், வெள்ளி எழ வியாழன் மறைந்ததாக வரும் திருப்பாவைக் குறிப்பை வானநூல் வழியே கணக்கிட்டு, அது கி.பி. 731 என்றார். ஒன்பதாம் நூற்றாண்டு என்று மறுப்போரும் உண்டு. அய்யங்காரின் பக்தி நமக்கு உடன்பாடன்று. ஆனால் கணக்கைக் கண்முன் வைத்திருக்கிறார், எவரும் போட்டுப் பார்க்கலாம். தேவதாசி என்ற வரிக்கும் அதே சோதனைதான்: கல்வெட்டு உண்டா, பாசுரத்தில் குறிப்பு உண்டா, அடிக்குறிப்பு எந்த நூலைச் சுட்டுகிறது? திருவில்லிபுத்தூரில் முழங்கியவர்களுள்ளும், கவிஞருக்காக வாதாடிய நம்மவருள்ளும், அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்?