தற்சார்புத் திரைப்படங்களுக்கான எண்ணிமப் படக்கருவிகள்

தற்சார்புத் திரைப்படங்களுக்கான எண்ணிமப் படக்கருவிகள் என்பன, பெரிய தயாரிப்பு நிறுவனங்களின் துணையின்றிச் சொந்தப் பணத்திலோ நண்பர்களிடம் திரட்டிய பணத்திலோ படம் எடுப்போர் வாங்கக்கூடிய அல்லது வாடகைக்கு எடுக்கக்கூடிய விலையில் அமைந்த நிகழ்படக் கருவிகளும் அவற்றின் துணைக்கருவிகளும் ஆகும். 1995 இல் டிவி எனப்படும் எண்ணிம ஒளிநாடா வடிவம் அறிமுகமானதில் இருந்து இவற்றின் வரலாறு தொடங்குகிறது. குறைந்த செலவில் படம் எடுப்போர் செய்யும் பெருந்தவறு, இருக்கும் பணம் முழுவதையும் படக்கருவியின் உடற்பகுதியில் செலவிட்டு, வில்லை, ஒலி, சேமிப்பு ஆகியவற்றுக்கு ஒன்றும் இல்லாமல் நிற்பதாகும். எனவே இக்கட்டுரை படக்கருவியோடு அவற்றையும் சேர்த்தே விளக்குகிறது.

வரலாறு

படச்சுருள் காலத்தில் தற்சார்புப் படைப்பாளிகளின் செலவில் பெரும்பங்கு சுருளுக்கும் அதைக் கழுவுவதற்கும் போனது. ராபர்ட் ரோட்ரிகஸ் 16 மி.மீ. சுருளில் எடுத்த எல் மரியாச்சி (1992) ஏறத்தாழ 7,000 அமெரிக்க டாலரில் முடிந்தது. சுருளை மிச்சப்படுத்துவதற்காகப் பெரும்பாலான காட்சிகளை அவர் ஒரே முறைதான் எடுத்தார். நடிகர் தடுமாறினாலும் மீண்டும் எடுக்க வழியில்லை.

எண்ணிம ஒளிநாடா இந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. 1995 இல் வெளியான சோனி விஎக்ஸ்1000, மூன்று உணரிகளைக் கொண்டிருந்ததோடு, பதிந்ததைத் தரம் குறையாமல் கணினிக்கு மாற்றும் வசதியையும் தந்தது. அதே ஆண்டில் டென்மார்க்கில் டாக்மே 95 இயக்கம் தோன்றியது. அவ்வியக்கத்தின் முதற்படமான தாமஸ் விண்டர்பெர்க்கின் ஃபெஸ்டன் (1998), வீட்டு விழாக்களைப் பதியும் கையடக்க மினிடிவி கருவியில் எடுக்கப்பட்டு, அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசைப் பகிர்ந்துகொண்டது. அதன் ஒளிப்பதிவாளர் ஆன்டனி டாட் மேன்டில், பின்னர் டேனி பாயிலின் 28 டேய்ஸ் லேட்டர் (2002) படத்தின் பெரும்பகுதியைக் கேனன் எக்ஸ்எல்1 கருவியில் எடுத்தார். ஆளற்ற இலண்டன் தெருக்களை அதிகாலையில் சில நிமிடங்களுக்கு மட்டும் மறித்து எடுக்க, விரைவாக வைத்து விரைவாக எடுக்கக்கூடிய சிறு கருவிகள் உதவின.

2002 இல் வந்த பானசோனிக் டிவிஎக்ஸ்100, திரைப்படத்தைப் போல நொடிக்கு 24 முழுச் சட்டங்களைப் பதியும் முதல் மலிவுவிலைக் கருவியாக அமைந்தது. ஆயினும் இக்கருவிகள் அனைத்தும் மிகச் சிறிய உணரிகளைக் கொண்டிருந்ததால், முகம் தெளிவாகவும் பின்புலம் மங்கியும் தெரியும் திரைப்படத் தோற்றம் அவற்றில் எளிதில் கிட்டவில்லை.

2008 இல் நிலைமை எதிர்பாராத திசையில் இருந்து மாறியது. நிழற்படம் எடுப்பதற்கான நிக்கான் டி90, கேனன் 5டி மார்க் 2 ஆகியவற்றில் நிகழ்படம் பதியும் வசதி ஒரு கூடுதல் அம்சமாகச் சேர்க்கப்பட்டது. கேனன் கருவியின் உணரி 36 x 24 மி.மீ. அளவுடையது, அதாவது 35 மி.மீ. திரைப்படச் சட்டத்தை விடவும் பெரியது. தொடக்கத்தில் அது நொடிக்கு 30 சட்டங்களை மட்டுமே பதிந்தது. 2010 மார்ச்சில் வெளியான மென்பொருள் இற்றைப்படுத்தலே 24, 25 சட்டங்களையும் ஒலியளவைக் கையால் கட்டுப்படுத்தும் வசதியையும் தந்தது. அதற்கு முன்னரே, 2009 இல், மேஜிக் லான்டர்ன் என்னும் கட்டற்ற மென்பொருள் ஒலியளவுக் காட்டி போன்ற வசதிகளை இக்கருவிக்குச் சேர்த்துவிட்டது. நிறுவனம் தராததைப் பயனர்களே எழுதிச் சேர்த்துக்கொண்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

லீனா டன்ஹமின் டைனி ஃபர்னிச்சர் (2010), டிரேக் டொரீமஸின் லைக் கிரேசி (2011) ஆகியவை கேனன் 7டி கருவியில் எடுக்கப்பட்டன. தமிழில் பாலாஜி சக்திவேலின் வழக்கு எண் 18/9 (2012) படத்தை விஜய் மில்டன் அதே வகைக் கருவியில் ஒளிப்பதிவு செய்தார். சிறந்த தமிழ்த் திரைப்படத்துக்கான தேசிய விருதை அப்படம் பெற்றது.

ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனம் 2013 இல் வெளியிட்ட பாக்கெட் சினிமா கேமராவின் அறிமுக விலை 995 டாலர். 2018 இல் வந்த அதன் 4கே வடிவத்தின் விலை 1,295 டாலர். ஷான் பேக்கரின் டேஞ்சரின் (2015) ஐபோன் 5எஸ் கைபேசிகளில் எடுக்கப்பட்டது.

உணரியின் அளவு

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் தரப்படும் 4கே, 6கே போன்ற பிரிதிறன் எண்கள் முதலில் பார்க்க வேண்டியவை அல்ல. உணரியின் பரப்பே படத்தின் தோற்றத்தையும், குறைந்த ஒளியில் கருவி எவ்வாறு இயங்கும் என்பதையும் பெரிதும் தீர்மானிக்கின்றது.

மினிடிவி கருவிகளின் உணரி ஏறத்தாழ 4.8 மி.மீ. அகலமே கொண்டது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகை 17.3 மி.மீ., ஏபிஎஸ்-சி வகை 22 முதல் 24 மி.மீ., முழுச்சட்ட வகை 36 மி.மீ. அகலம் கொண்டவை. 35 மி.மீ. திரைப்படச் சுருளின் சட்டம் அகலத்தில் ஏபிஎஸ்-சி வகைக்கு நெருக்கமானது. எனவே திரைப்படத் தோற்றத்துக்கு முழுச்சட்ட உணரி கட்டாயம் என்ற கருத்து சரியன்று. முழுச்சட்டக் கருவியில் தெளிவாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவாக இருப்பதால், குவியத்தைச் சரிசெய்யத் தனியாக ஓர் உதவியாளர் இல்லாத குழுவில் நடிகர் அரையடி நகர்ந்தாலும் காட்சி வீணாகலாம்.

இன்றைய உணரிகளில் பெரும்பாலானவை படத்தை வரிவரியாக வாசிக்கின்றன. வாசிப்பு மெதுவாக இருந்தால், கருவியை விரைவாகத் திருப்பும்போது மின்கம்பங்களும் கதவு நிலைகளும் சாய்ந்து தெரியும். ஓடும் பேருந்தில் இருந்து எடுக்கப்படும் காட்சிகள் மிகுந்த கதை என்றால் வாங்குவதற்கு முன் இதைச் சோதித்துப் பார்ப்பது நன்று.

பதிவு வடிவமும் சேமிப்பும்

எட்டு பிட் பதிவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளும், பத்து பிட் பதிவில் 1,024 படிநிலைகளும் உண்டு. எடுத்தபடியே பயன்படுத்துவதானால் எட்டு பிட் போதும். பின்னர் நிறத்தைப் பெரிதும் மாற்ற எண்ணினால், எட்டு பிட் பதிவில் வானமும் வெள்ளைச் சுவரும் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியும். பத்து பிட் பதிவு நெடுங்காலம் விலையுயர்ந்த கருவிகளுக்கே உரியதாக இருந்தது. 2017 இல் வந்த பானசோனிக் ஜிஎச்5 அதைக் கருவிக்குள்ளேயே 4கே பிரிதிறனில் தந்தது. பழைய கருவிகளை வாங்குவோர் பார்க்க வேண்டிய முதன்மையான வேறுபாடு இதுவே.

சேமிப்புச் செலவைப் பலரும் கணக்கிடுவதில்லை. நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதியும் கருவி ஒரு மணி நேரத்துக்கு 45 கிகாபைட் இடம் எடுக்கும். 90 நிமிடப் படத்துக்குப் பத்து மடங்கு காட்சிகள் எடுத்தால் 15 மணி நேரம். அதாவது 675 கிகாபைட். இதை இரண்டு வன்தட்டுக்களில் வைக்க வேண்டும். சுருக்காத வடிவங்களில் பதிந்தால் இத்தொகை பன்மடங்காகும். மினிடிவி காலத்தில் நாடாவே காப்புப் படியாக இருந்தது. நினைவக அட்டையோ மறுநாள் படப்பிடிப்புக்காக அழிக்கப்படுகிறது. அழிக்கும் முன் இரண்டாவது படி எடுக்கத் தவறிய ஒருவர் தமது படத்தின் ஒரு நாளை முழுதாக இழக்க நேரிடும். பணம் இருந்தாலும் அந்த நாளை மீண்டும் வாங்க முடியாது.

வில்லைகள்

படக்கருவியின் உடற்பகுதி சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். நல்ல வில்லை பல பத்தாண்டுகள் பயன்படும். எனவே மலிவான உடற்பகுதியும் தரமான வில்லையும் என்பதே பொருத்தமான சேர்க்கை. 50 மி.மீ. எஃப்/1.8 வகை நிலைக்குவிய வில்லைகள் ஏறத்தாழ எல்லா நிறுவனங்களிலும் குறைந்த விலையில் கிடைக்கின்றன.

கண்ணாடியற்ற கருவிகளில் வில்லைப் பொருத்தும் வளையத்துக்கும் உணரிக்கும் இடையிலான தொலைவு குறைவு. சோனி இ பொருத்தியில் இது 18 மி.மீ.; பழைய நிக்கான் எஃப் பொருத்தியில் 46.5 மி.மீ. ஆகவே இடைவெளியை ஓர் எளிய வளையத்தால் நிரப்பி, வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய நிழற்பட வில்லைகளைப் பயன்படுத்தலாம். அவற்றின் துளையையும் குவியத்தையும் கையால் திருப்பலாம் என்பது திரைப்பட வேலைக்குக் குறையன்று, வசதியே.

ஷட்டர் வேகமும் ஒளி வடிகட்டியும்

நொடிக்கு 24 அல்லது 25 சட்டங்கள் பதியும்போது ஷட்டர் வேகத்தை 1/50 நொடியாக வைப்பது வழக்கம். அசைவு இயல்பாகத் தெரிவதோடு, இந்தியா, இலங்கை போன்ற 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் குழல்விளக்கு ஒளி துடிப்பதையும் இது தவிர்க்கிறது. கருவி அமெரிக்க முறைக்கு அமைக்கப்பட்டு 1/60 என்று இருந்தால் அறைக்காட்சிகளில் ஒளி அலையலையாக ஓடும்.

நண்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/50 நொடி என்ற நிலையில் துளையை எஃப்/22 வரை மூட வேண்டியிருக்கும். எஃப்/2.8 இல் எடுக்க விரும்பினால் ஒளியை 64 இல் ஒரு பங்காகக் குறைக்கும் சாம்பல் நிற வடிகட்டி தேவை. வெளிப்புறக் காட்சிகளில் இது இல்லாமல் ஷட்டர் வேகத்தைக் கூட்டி எடுக்கப்பட்ட படங்களை, நடப்பவரின் வெட்டி வெட்டிச் செல்லும் அசைவால் உடனே அடையாளம் காணலாம்.

ஒலி

திரைப்பட விழாக்களுக்கு வரும் முதற்படங்களில் மிகுதியாகக் காணப்படும் குறை படத்தில் அன்று, ஒலியில்தான். மங்கலான காட்சியை ஒரு பாணி என்று ஏற்றுக்கொள்ளும் பார்வையாளர், விளங்காத உரையாடலை அவ்வாறு ஏற்பதில்லை. படக்கருவியில் பொருத்தப்பட்ட ஒலிவாங்கி நடிகரிடம் இருந்து பத்தடி தொலைவில் இருப்பதால் அறையின் எதிரொலியையும் மின்விசிறியையும் சேர்த்தே பதிகிறது. விலை கூடிய ஒலிவாங்கியைக் கருவியின் மேல் வைப்பதை விட, மலிவான ஒன்றை நீண்ட கழியில் பிடித்து நடிகரின் தலைக்கு மேல் இரண்டடி உயரத்தில் வைப்பதே நன்மை தரும்.

ஒலியைத் தனிப்பதிவியில் பதிந்து, காட்சித் தொடக்கத்தில் கைதட்டியோ பலகை தட்டியோ பின்னர் இணைத்துக்கொள்ளலாம். டேஞ்சரின் கைபேசியில் எடுக்கப்பட்ட படம் என்று புகழ்பெற்றாலும், அதன் ஒலி முறையான கருவிகளில் தனியே பதியப்பட்டது. கைபேசியில் எடுப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல கைபேசிகளின் இயல்பான நிகழ்படச் செயலி சட்ட வேகத்தை ஒளிக்கேற்ப மாற்றிக்கொண்டே இருப்பதால், தனியே பதிந்த ஒலி சில நிமிடங்களில் உதட்டசைவில் இருந்து விலகிவிடும். சட்ட வேகத்தை நிலையாக வைக்கும் செயலியைப் பயன்படுத்தினால் இச்சிக்கல் பெரிதும் குறையும்.

ஒவ்வோர் இடத்திலும் நடிகர்கள் பேசாதிருக்க ஒரு நிமிட வெற்றொலியைப் பதிந்து வைப்பது படத்தொகுப்பில் உதவும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

பிற துணைக்கருவிகள்

முக்காலி, மின்கலங்கள், விளக்குகள் ஆகியன இன்றியமையாதவை. பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே போன்றவை ஒரு மின்கலத்தில் ஒரு மணி நேரம்கூட இயங்குவதில்லை. ஒரு நாளுக்கு ஆறேழு மின்கலங்களாவது தேவை. விளக்குகளை வாங்கும்போது வெளிச்சத்தின் அளவை மட்டும் பாராமல், நிறங்களை உள்ளபடி காட்டுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். மலிவான எல்இடி விளக்குகளில் தோல் நிறம் பச்சை சாய்ந்து தெரிவது உண்டு.

படத்தொகுப்புக்குக் கேடென்லைவ், பிளெண்டர் ஆகிய கட்டற்ற மென்பொருட்களும், டாவின்சி ரிசால்வின் கட்டணமில்லாப் பதிப்பும் கிடைக்கின்றன. திரையரங்கில் காட்டுவதற்கான எண்ணிமப் பொதியை டிசிபி-ஓ-மேட்டிக் என்ற கட்டற்ற மென்பொருளால் வீட்டுக் கணினியிலேயே ஆக்கலாம்.

வாங்குதலும் வாடகையும்

பத்துப் பன்னிரண்டு நாட்களில் தொடர்ச்சியாக முடியக்கூடிய படத்துக்கு வாடகையே சிக்கனமானது. நடிகர்களும் குழுவினரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு வார இறுதிகளில் மட்டும் கூடும் படத்துக்குச் சொந்தக் கருவியே ஏற்றது. பழைய கருவியை வாங்குவோர் வில்லையின் மூடியை மூடி ஒரு நிமிடம் பதிந்து, ஒளிரும் புள்ளிகள் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். வெண்சுவரை நோக்கித் துளையை மூடி எடுத்தால் உணரியின் தூசியும் கீறலும் தெரியும். ஒலிவாங்கிச் செருகி ஆடுகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். மிகுதியாகத் தேய்வது அதுவே.

கருவியின் விலைக்கும் படத்தின் செலவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதும் கருதத்தக்கது. கேரத் எட்வர்ட்ஸின் தி கிரியேட்டர் (2023), ஏறத்தாழ 4,000 டாலர் விலையுள்ள சோனி எஃப்எக்ஸ்3 கருவியில் எடுக்கப்பட்டது. அப்படத்தின் செலவு 8 கோடி டாலர்.