திரையில் தோன்றிய அச்சம்

துன்பத்தை விலை கொடுத்து வாங்குவார் உலகில் எவருமிலர். ஆயினும் அச்சத்தை மட்டும் மக்கள் காசு கொடுத்து வாங்குகின்றனர். இருண்ட கொட்டகையில் அமர்ந்து, நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, கண்ணை மூடலாமா திறக்கலாமா என்று தடுமாறி, உடல் வியர்த்து, பின்பு வெளியே வந்து "நல்ல படம்" என்று பாராட்டவும் செய்கின்றனர். இந்த விந்தை எவ்வாறு நிகழ்கின்றது?

அச்சம் என்பது தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்று. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவர் என்னும் நான்கினால் அது தோன்றும் என அவர் வகுத்தார். கண்ணுக்குப் புலனாகாத ஆற்றல், கொடிய உயிர், தீங்கு செய்யும் மனிதன், நம்மை ஆளும் அதிகாரம் என்று இவற்றை இன்றைய சொற்களால் சொல்லலாம். திரைப்படம் பிறந்து நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், இந்த வரிசையில் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க அதனால் இயலவில்லை என்றே நான் கருதுகின்றேன். அஞ்சப்படும் பொருள் பழையது. அதனைக் காட்டும் முறையில், இன்னும் சரியாகச் சொன்னால் காட்டாமல் வைத்திருக்கும் முறையில்தான் புதுமை இருக்கின்றது.

பிரெஞ்சு நாட்டு லூமியேர் சகோதரர்கள் புகைவண்டி ஒன்று நிலையத்துக்குள் வரும் காட்சியை 1896இல் திரையிட்டபோது, வண்டி தம்மீது ஏறிவிடும் என்று அஞ்சி மக்கள் எழுந்தோடினர் என ஒரு கதை வழங்குகின்றது. அதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்பர் ஆராய்ந்தோர். ஓடியிருந்தாலும் ஒரு முறைதான் ஓடியிருப்பர். முழுதும் காட்டப்பட்ட பொருளுக்கு மனிதன் இரண்டாம் முறை அஞ்சுவதில்லை.

மெய்யான அச்சப் படங்களின் வரலாறு, முதல் உலகப்போரில் தோற்றுச் சோர்ந்திருந்த ஜெர்மனியில் வலுப்பெற்றது. 1920 பிப்ரவரியில் பெர்லினில் வெளிவந்தது 'டாக்டர் காலிகரியின் பேழை' என்னும் ஊமைப்படம். ராபர்ட் வீனே இயக்கியது. சந்தையில் வேடிக்கை காட்டும் காலிகரி, பேழைக்குள் உறங்கும் சேசரே என்பவனை வைத்திருக்கின்றான். உறக்கத்திலேயே நடக்கும் அவன், தலைவன் ஏவினால் கொலையும் புரிவான். படத்தில் வீடுகள் சாய்ந்து நிற்கும். சன்னல்கள் கோணலாய் இருக்கும். நிழல்கள் கூட விளக்கினால் உண்டானவை அல்ல, துணியில் தீட்டப்பட்டவை. உலகமே நோயுற்ற மனத்தின் வழியே தெரிவது போல் இருக்கும். முடிவில், அந்தக் காலிகரி ஒரு மனநோய் மருத்துவமனையின் தலைவர் என்று தெரிகின்றது. கதை சொன்ன இளைஞனே அங்கு ஒரு நோயாளி என்றும் தெரிகின்றது. எவன் பித்தன், எவன் மருத்துவன்? படம் முடிந்த பின்னரும் ஐயம் தீர்வதில்லை.

தொல்காப்பியர் நான்காவதாக வைத்த அச்சம் இதுதான். ஜெர்மனியை விட்டு வெளியேறிய சீக்பிரீட் கிராகவர் 1947இல் ஒரு நூல் எழுதி, காலிகரியின் ஏவலுக்குக் கட்டுப்பட்ட சேசரேயில் ஹிட்லருக்குக் கட்டுப்படப்போகும் மக்களின் மனம் முன்னரே தெரிந்தது என்றார். நடந்து முடிந்ததை வைத்துப் பழையதைப் படிப்பது எளிது என்று பின்வந்தோர் அவரை மறுத்தனர். அந்த மறுப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் சேசரேயாக நடித்த கான்ராட் வைட் 1933இல் நாட்டை விட்டுப் போனார் என்பதும், இயக்குநர் வீனே பாரிசிலும், திரைக்கதை ஆசிரியருள் ஒருவரான கார்ல் மாயர் இலண்டனிலும் அகதிகளாய் மறைந்தனர் என்பதும் வரலாறு.

இரண்டாண்டுகள் சென்று, 1922 மார்ச்சில், முர்னாவ் இயக்கிய 'நோஸ்பெராட்டு' வெளிவந்தது. பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய 'டிராகுலா' என்னும் புதினத்தை, உரிமை பெறாமலே, பெயர்களை மட்டும் மாற்றிப் படமாக்கியிருந்தனர். ஸ்டோக்கரின் மனைவி புளோரன்ஸ் வழக்குத் தொடுத்தார். தயாரித்த பிரானா நிறுவனமோ இந்த ஒரு படத்தோடு நொடித்துப் போயிற்று. படத்தின் பிரதிகளை எல்லாம் அழித்துவிட வேண்டும் என்று 1925இல் தீர்ப்பு வந்தது. அந்த அம்மையாரின் பக்கம் நீதி இருந்தது என்பதை மறுக்க முடியாது. எனினும் வேற்று நாடுகளுக்குச் சென்றிருந்த பிரதிகள் தப்பிவிட்டன. அத்தீர்ப்பு முழுமையாக நிறைவேறியிருந்தால், இன்று நாம் இப்படத்தைப் பற்றிப் பேச இயலாது.

காலிகரி, துணியில் தீட்டிய உலகில் நடந்தது. முர்னாவோ காமிராவைத் தூக்கிக்கொண்டு உண்மையான உலகுக்குப் போனார். விஸ்மார், லூபெக் என்னும் கடற்கரை நகரங்களின் தெருக்களிலும், ஸ்லோவாக்கியாவின் ஓராவா கோட்டையிலும் படம் பிடித்தார். நாள்தோறும் மக்கள் நடக்கும் தெருவில், தன் சவப்பெட்டியைத் தானே சுமந்துகொண்டு இரத்தக் காட்டேரி நடந்து போகின்றது! அணங்கு காட்டில்தான் உறையும் என்று எண்ணியிருப்போர்க்கு இதைவிட அச்சம் தருவது வேறு உண்டோ? மாக்ஸ் ஷ்ரெக் என்னும் நடிகர் ஓர்லாக் பிரபுவாக வருகின்றார். வழுக்கைத் தலை, எலியின் பற்கள், நாளுக்கு நாள் நீண்டு வளர்வது போன்ற விரல்கள். மொத்தப் படத்தில் அவர் தோன்றும் நேரம் மிகக் குறைவு. இறுதியில், அவர் மாடிப்படி ஏறுவதை நாம் காண்பதில்லை. அவருடைய நிழல்தான் சுவரில் ஏறுகின்றது. கதவை நோக்கி நிழலின் கை நீள்கின்றது. பின்பு, கட்டிலில் கிடக்கும் எல்லன் என்னும் பெண்ணின் மார்பின்மேல் அக்கைநிழல் ஊர்ந்து சென்று, நெஞ்சுக்கு நேராகச் சட்டென்று மூடிக்கொள்கின்றது. தொடாத கை! அதனை ஒரு முறை கண்டவர் மறத்தல் அரிது. கதிரவன் ஒளி பட்டுக் காட்டேரி அழியும் என்பதும் இப்படம் கண்டுபிடித்ததே. ஸ்டோக்கரின் டிராகுலா பகலிலும் நடமாடுவான்.

இப்படத்தைப் புகழ்ந்துவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. கிழக்கிலிருந்து எலிக் கூட்டத்தோடு வந்து, ஊருக்குள் கொள்ளைநோயைப் பரப்பும் அயலான், வளைந்த மூக்கு, கூரிய நகம். அந்நாளில் யூதரை இழிவுபடுத்திப் பரப்பிய கேலிச் சித்திரங்களை இவ்வுருவம் ஒத்திருக்கின்றது என ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். திரைக்கதை எழுதிய ஹென்ரிக் காலீன் தாமே யூதர். ஆதலின் இதனை வெறுப்பினால் செய்தது என்று கொள்வது கடினம். ஆனால் 1940இல் நாஜி ஆட்சியினர் எடுத்த ஒரு பிரசாரப் படத்தில் யூதரையும் எலிக் கூட்டத்தையும் அடுத்தடுத்துக் காட்டினர். அதனைப் பார்த்தோர் கதைப் படம் என்று பார்க்கவில்லை. உண்மை என்று நம்பும்படியே அது காட்டப்பட்டது. கொட்டகையில் நம்மை நடுங்கவைக்கும் கருவிகளும், அயலானைப் பகைக்கவைக்கும் கருவிகளும் ஒரே பட்டறையில் செய்யப்படுகின்றன.

பேசும் படம் வந்தபின், 1931இல் அமெரிக்காவின் யூனிவர்சல் நிறுவனம் 'டிராகுலா', 'பிராங்கன்ஸ்டைன்' ஆகிய இரண்டையும் வெளியிட்டுப் பொருளீட்டியது. அவை மீண்டும் மீண்டும் தொடர்கதைகளாக வந்தன. பூதத்தை அடிக்கடி பார்த்த மக்கள் அதனோடு பழகிவிட்டனர். 1948இல் அதே பூதங்களை, அபட்டும் காஸ்டெல்லோவும் என்னும் நகைச்சுவை நடிகர்களோடு ஓடிப்பிடித்து விளையாட விட்டனர். அச்சம் சிரிப்பாய் முடிந்தது.

இதற்கிடையில் ஒருவர் வேறு வழி கண்டார். வால் லூட்டன் என்பவர் ஆர்.கே.ஓ. நிறுவனத்தில் 1942இல் சிறு செலவில் அச்சப் படங்கள் எடுக்க நியமிக்கப்பட்டார். ஒவ்வொரு படத்துக்கும் 1,50,000 டாலருக்குமேல் செலவிடக் கூடாது. படத்தின் பெயரை நிறுவனமே கொடுக்கும். முதலில் கொடுத்த பெயர் 'பூனை மனிதர்கள்'. இப்பெயரைக் கேட்டால் எவரும் பூனை முகமூடி அணிந்த நடிகர்களைத்தான் நினைப்பர். லூட்டனும் இயக்குநர் ஜாக் டூர்னரும் அப்படிச் செய்யவில்லை. வேறொரு பெரிய படத்துக்குப் போட்டிருந்த மாடிப்படியை இரவல் வாங்கிக்கொண்டனர். விளக்குகளைக் குறைத்தனர்.

கதை எளியது. சினம் கொண்டால் தான் கருஞ்சிறுத்தையாக மாறிவிடுவேன் என்று நம்பும் ஐரீனா என்னும் பெண், தன் கணவனின் தோழியின்மேல் பொறாமை கொள்கின்றாள். அத்தோழி ஓர் இரவு பூங்காவின் மதிலோரம் தனியே நடக்கின்றாள். பின்னால் இன்னொருத்தியின் காலணி ஒலி. விளக்குக் கம்பங்களுக்கு இடையே ஒளியும் இருளும் மாறி மாறி வருகின்றன. திடீரென்று பின்னால் கேட்ட காலடி ஓசை நின்றுவிடுகின்றது. அவள் திரும்பிப் பார்க்கின்றாள். ஒருவருமில்லை. நடை விரைகின்றது, ஓட்டமாகின்றது. அப்போது சீறும் ஒலி ஒன்று திரையைக் கிழித்துக்கொண்டு பாய்கின்றது. அது சிறுத்தையின் சீற்றமன்று. வந்து நின்ற பஸ்ஸின் தடை ஒலி! படத்தொகுப்பாளர் மார்க் ராப்சன் பொருத்திய அவ்வொலியால், இத்தகைய ஏமாற்று அதிர்ச்சி ஒவ்வொன்றையும் "லூட்டன் பஸ்" என்றே திரைத்துறையினர் அழைக்கலாயினர். பஸ் என்று தெரிந்ததும் நாம் பெருமூச்சு விடுகின்றோம். ஆனால் அந்தக் காலடி ஓசை ஏன் நின்றது? அக்கேள்வி மட்டும் உள்ளே தங்கிவிடுகின்றது.

பிறிதோர் இடத்தில் அதே பெண், ஆளில்லாத நீச்சற்குளத்தின் நடுவே நீந்தியபடி நிற்கின்றாள். நீரின் ஒளியலைகள் சுவரிலும் கூரையிலும் நெளிகின்றன. ஏதோ உறுமுகின்றது. நிழல் ஒன்று கடக்கின்றது. விளக்கைப் போட்டதும் ஐரீனா அமைதியாக நின்று புன்னகை செய்கின்றாள். கரையில் கழற்றிவைத்த அங்கி மட்டும் கந்தலாய்க் கிழிந்து கிடக்கின்றது. முகம் காட்டாமல் குரலால் மட்டும் உங்களிடம் வரும் வானொலிக்காரனாகிய எனக்கு, இக்காட்சியில் ஒரு தனி உவகை உண்டு. கேட்பவர் மனம் வரைந்துகொள்ளும் உருவத்தை எந்த ஒப்பனைக்காரரும் செய்துவிட முடியாது. உண்மையான சிறுத்தையை நிறுவனத்தார் வற்புறுத்தி ஓரிடத்தில் சேர்க்கச் செய்தனர். படத்தில் அச்சம் குறைந்த இடம் அதுவே என்பது என் எண்ணம்.

1960இல் ஆல்பிரட் ஹிட்ச்காக் எடுத்த 'சைக்கோ'வில் அஞ்சத்தக்கவன் பேயுமல்லன், விலங்குமல்லன். விடுதி நடத்தும் கூச்சமுள்ள இளைஞன். கதாநாயகி என்று நாம் நம்பியிருந்த பெண், படம் பாதியைத் தாண்டுமுன் குளியலறையில் கொல்லப்படுகின்றாள். அக்காட்சி ஒரு நிமிடத்துக்கும் குறைவானது. படம்பிடிக்க ஏழு நாட்கள் ஆயின. கத்தி உடலில் இறங்குவதாக நாம் கண்டது பெரும்பாலும் நாமே இட்டு நிரப்பியது. கொலைக்கு இசையே வேண்டாம் என்று ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார். பெர்னார்டு ஹெர்மன் தந்திக் கருவிகளை மட்டும் கொண்டு எழுதிய, கிறீச்சிடும் அந்த இசையைக் கேட்டபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

எல்லாவற்றையும் காட்டியே நடுங்கவைத்த படங்களும் இல்லாமலில்லை. 1973இல் வந்த 'எக்சார்சிஸ்ட்' அத்தகையது. அதிலும் எனக்கு அச்சம் தந்தவை, பேய் பிடித்த சிறுமியின் உருவத்தினும், மருத்துவர்கள் நோய் இன்னதென்று அறியாமல் அவளைக் கருவிகளுக்கிடையே கிடத்தும் காட்சிகளே.

1974இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 'ஜாஸ்' படத்துக்காகச் செய்வித்த இயந்திரச் சுறா, கடலின் உப்புநீரில் அடிக்கடி பழுதாகிப் போயிற்று. சுறாவைக் காட்ட வழியில்லை. அதற்குப் பதிலாக நீரின் மேல் மிதந்து நகரும் மஞ்சட் பீப்பாய்களைக் காட்டினார். ஜான் வில்லியம்ஸ் இரண்டே சுரங்களை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தார். 1975இல் படம் வெளிவந்தது. வறுமை லூட்டனுக்குச் செய்த உதவியை, பழுதான இயந்திரம் ஸ்பீல்பெர்க்குக்குச் செய்தது.

இந்த வழியின் கடைசி எல்லையை 1999இல் வெளிவந்த 'பிளேர் விட்ச் பிராஜெக்ட்' என்னும் அமெரிக்கப் படத்தில் காணலாம். சூனியக்காரியைத் தேடிக் காட்டுக்குள் போன மூன்று மாணவர்கள், தாமே கையில் பிடித்த காமிராக்களில் எடுத்த காட்சிகளாக அமைந்த படம் அது. இரவில் கூடாரத்துக்கு வெளியே ஓசைகள் கேட்கின்றன. காலையில் வாயிலில் கற்குவியல்கள் இருக்கின்றன. சூனியக்காரி ஒரு முறையேனும் தோன்றுவதில்லை. இறுதியில் பாழடைந்த வீட்டின் நிலவறைக்குள் ஒருத்தி அலறிக்கொண்டு ஓடி வருகின்றாள். அங்கே அவளுடைய தோழன் சுவரின் மூலையைப் பார்த்தபடி, முகம் திருப்பாமல், அசையாமல் நிற்கின்றான். காமிரா கீழே விழுகின்றது.