கார்கமெல் என்னும் அரக்கி

பிரெஞ்சு எழுத்தாளர் ரபலே 16ஆம் நூற்றாண்டில் எழுதிய கதையில் கார்கமெல் ஓர் அரக்கி. கார்கன்துவா என்ற பேருருவனைப் பெற்ற தாய். நான்கு நூற்றாண்டுகள் கழித்து இயற்பியலாளர்கள் அவள் பெயரை ஒரு கருவிக்குச் சூட்டினர். தமிழாசிரியனான என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்து வந்தது அந்தப் பெயர்தான்.

பிரான்சில் உருவாகி ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் நிறுவப்பட்ட கார்கமெல் ஒரு குமிழி அறை. நீளம் 4.8 மீட்டர், எடை 1,000 டன், வயிற்றில் ஏறத்தாழ 12 கன மீட்டர் ஃப்ரீயான் திரவம். அழுத்தத்தைச் சட்டென்று குறைத்தால், மின்னூட்டம் கொண்ட துகள் சென்ற வழியெங்கும் திரவம் கொதித்துக் குமிழிகள் அரும்பும். அதைப் புகைப்படம் எடுப்பார்கள். பிறகு அப்படங்களை ஒவ்வொன்றாய்க் கண்கொண்டு பார்ப்பார்கள். ஏடு பார்த்துப் பாடம் தேர்ந்த நம் பதிப்பாசிரியர்களின் பொறுமையோடுதான் இதை ஒப்பிடத் தோன்றுகிறது.

தேடியது நியூட்ரினோவை. அதற்கு மின்னூட்டமில்லை, தடமும் இல்லை. அது அணுக்கருவில் மோதினால் வழக்கமாக மியூவான் ஒன்று வெளிப்படும். மியூவான் இன்றியும் மோதல் நிகழக்கூடும் என்பது கிளாஷோ, சலாம், வைன்பெர்க் ஆகியோரின் கோட்பாட்டிலிருந்து பெறப்பட்டது. 'நடுநிலை மின்னோட்டம்' என்று அதற்குப் பெயர்.

மியூவான் இல்லாத படங்கள் கிடைக்கத்தான் செய்தன. சிக்கலே அங்குதான் தொடங்கிற்று. அறையைச் சூழ்ந்த இரும்பில் நியூட்ரினோ மோதி நியூட்ரான் ஒன்றைத் தெறிக்கவிட்டால், அதுவும் தடமின்றி உள்ளே புகுந்து இதே காட்சியைக் காட்டும். உண்மை எது, வேடம் எது? நியூட்ரான் என்றால் நுழைவாயிலருகே மோதல்கள் மிகுந்து, உள்ளே செல்லச் செல்லக் குறைய வேண்டும். அவ்வாறு குறையவில்லை, அறை நெடுகச் சீராகவே பரவியிருந்தன. 1973 ஜூலை 19 அன்று பால் மியூசே செர்ன் அரங்கில் முடிவை அறிவித்தார்.

பலர் நம்பவில்லை. போட்டியாக இயங்கிய அமெரிக்க ஃபெர்மி ஆய்வகக் குழு, தன் கருவியை மாற்றியமைத்தபின் அந்த விளைவைக் காணோம் என்றது. செர்ன் குழுவினரின் நற்பெயரே ஊசலாடிய மாதங்கள் அவை. அவர்கள் வாதத்தில் இறங்காமல் கருவியையே சோதனைக்கு உள்ளாக்கினர். ஆற்றல் அறிந்த புரோட்டான்களை 1973 இறுதியில் கார்கமெல்லுக்குள் செலுத்தினர். நியூட்ரானைப் போலவே மோதும் புரோட்டான், ஆனால் தடம் விட்டுச் செல்லும். மோதல் மோதலாக அது கிளைத்துப் பரவுவதைப் படத்தில் அளக்கலாம். ஃப்ரை, ஹைட் இருவரும் நியூட்ரான்களுக்குப் போட்டிருந்த கணக்கு அந்த அளவீட்டோடு பொருந்திற்று. என் பார்வையில், கண்டுபிடிப்பைக் காட்டிலும் இந்தச் சோதனையே பெரிது.

அமெரிக்கர்களின் பிழையும் கருவியில்தான் இருந்தது. வேறு துகள்கள் இரும்புத் தடுப்பைத் துளைத்து வந்து மியூவான்களாக எண்ணப்பட்டிருந்தன. 1974இல் அவர்களும் உடன்பட்டனர். இடைக்காலத் தடுமாற்றத்தை 'மாறுதிசை நடுநிலை மின்னோட்டம்' என்று சக ஆய்வாளர்கள் கேலி செய்தார்களாம்!

கார்கமெல் திட்டத்தை வழிநடத்திய ஆந்திரே லகாரிக் 1975 ஜனவரியில் மறைந்தார். பின்னர் அரக்கியின் உடலில் விரிசல் கண்டது. 1979இல் ஓய்வு தந்தனர். கிளாஷோ, சலாம், வைன்பெர்க் மூவரும் நோபல் பரிசு பெற்றது அதே 1979இல்தான். அவள் இன்று செர்ன் வளாகத்தில் காட்சிப்பொருளாக நிற்கிறாள்.