ஜி.எஸ்.டி. ரோட்டில் காலேஜ் ஜெர்சி

ஊரப்பாக்கத்துக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. என்றால் முதலில் ரோடுதான், வரி அப்புறம். ரோட்டின் இந்தத் துண்டில் காலேஜ்களுக்குப் பஞ்சமே இல்லை. கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரம் வந்தது. 1984-ல் வண்டலூரில் கிரசென்ட், 1985-ல் காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். இத்தனை மாணவர்கள் இருந்தும், காலேஜ் ஜெர்சியை மட்டுமே விற்றுப் பிழைக்கும் கடை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. ஏன்னு கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

நம்ம ஸ்போர்ட்ஸ் கடைக்குச் சரக்கு எங்கிருந்து வருது? பேட்டும் பந்தும் பெரும்பாலும் ஜலந்தர், மீரட். 1947 பிரிவினையில் சியால்கோட்டை விட்டு வந்தவர்கள் அங்கேதான் பட்டறை போட்டார்கள். பனியன் துணிக்குத் திருப்பூர். நடுவில் கடைக்காரர்: பி.டி. மாஸ்டரிடம் ஆர்டர் பிடிப்பார், பெயரும் நம்பரும் அடித்துக் கொடுப்பார். ஸ்கிரீன் பிரின்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வேணும். பதினைந்து சட்டைக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் 0 முதல் 9 வரை எண்களுக்கு ஒருதடவை ஸ்கிரீன் செய்துவைத்தால் எல்லா டீமுக்கும் ஓட்டலாம். கடைக்காரரின் பிடி அங்கேதான் இருந்தது.

சப்ளிமேஷன் வந்து அந்தப் பிடியை உடைத்தது. டிசைனைக் காகிதத்தில் அச்சடித்து, சூட்டில் பாலியஸ்டர் துணிக்குள் ஏற்றிவிடுகிறார்கள். (பருத்தியில் எடுபடாது, அது வேற கதை.) எத்தனை நிறமானாலும் ஸ்கிரீன் கிடையாது, சட்டைக்கு ஒரு பெயர் என்றாலும் பெரிய செலவில்லை. இப்போ டீம் கேப்டனே போனில் டிசைனை அனுப்பி, திருப்பூரிலிருந்து நேரா பார்சல் வாங்கிடலாம்.

அமெரிக்காவில் ஆட்டம் பார்க்க வருகிறவர்களும் காலேஜ் சட்டை வாங்குவார்கள். சந்தை பெருசு, சண்டையும் பெருசு. சாம்பியன் கம்பெனி 1936 முதல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பெயர் போட்ட உடைகளை விற்றுவந்தது. பல வருஷம் கழித்துப் பல்கலைக்கழகம் வழக்குப் போட்டது. தாமதம் ஆனாலும் இனிமேல் விற்பதைத் தடுக்கக் கேட்கலாம் என்று 1982-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2008-ல் ஸ்மாக் அப்பேரல் வழக்கில் காலேஜ் பெயரே இல்லாத சட்டைகள். காலேஜின் நிறங்களும் ஆட்டத்தைப் பற்றிய சில குறிப்புகளும்தான். அதிலும் பல்கலைக்கழகங்களே ஜெயித்தன.

இங்கே அப்படிச் சண்டை போடும் அளவுக்குச் சந்தையே இல்லை என்பது என் எண்ணம். காலேஜ் மேட்சைப் பார்ப்பது ஹாஸ்டல் பசங்கதான், அவங்க காசு கொடுத்து ஜெர்சி வாங்குவதில்லை. கடைக்காரருக்கு மிஞ்சியது ஷட்டில்காக், ஷூ, அப்புறம் கோப்பையும் ஷீல்டும். கோப்பையில் காலேஜ் பெயர் பொறிக்கும் வேலை இன்னும் அவரிடம் இருக்கு. நாளைக்கு ஃபைனல் என்றால் இன்றைக்குத் திருப்பூர் பார்சல் வராதே.