அடித்து வாங்கிய வாக்குமூலம்



பேரன் போட்டுக் காட்டிய கொரியப் படம், 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003). இயக்குநர் போங் ஜூன்-ஹோ. நடந்த கதைதான். 1986 முதல் 1991 வரை ஹ்வாசோங் பகுதியில் சிறுமி முதல் மூதாட்டி வரை பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள்.

படத்தில் போலீசார், கையில் சிக்கியவனையெல்லாம் உதைத்து ஒப்புக்கொள்ள வைக்கிறார்கள். சினிமாவுக்காகக் கூட்டிச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. எட்டாவது கொலைக்காக, போலியோவால் கால் பாதித்த 22 வயது இளைஞரைத் தூங்கவிடாமல் வதைத்து வாக்குமூலம் வாங்கினார்கள். 1989இல் கைதானவர் சுமார் 20 ஆண்டுகள் சிறையில் கிடந்தார். (பிரம்பைக் கையில் எடுத்தால் செய்யாத பையனும் 'ஆமா சார்' என்பான். நானும் அப்படி வாங்கியிருக்கிறேன். அந்த மாணவன் இதைப் படித்தால் மன்னிக்கட்டும்.)

2019இல் டிஎன்ஏ சோதனை உண்மையான ஆளைக் காட்டியது. மைத்துனியைக் கொன்றதற்காக 1994 முதலே சிறையில் இருந்தவன்! ஆனால் சட்டத்தின் காலவரம்பு 2006இலேயே முடிந்துவிட்டதால், இந்தக் கொலைகளுக்கு அவன்மேல் வழக்குப் போட முடியவில்லை. அந்த இளைஞர் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது 2020 டிசம்பரில். அதற்குள் அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

கடைசிக் காட்சியில் நாயகன் சோங் காங்-ஹோ கேமராவை நேராகப் பார்ப்பார். கொலைகாரன் படம் பார்க்க வந்திருந்தால் அவன் கண்ணைப் பார்க்கத்தான். அவனும் பார்த்தான், சிறைக்குள் இருந்து. ஒன்றும் தோன்றவில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னான்.